விலை உயர்ந்த லூர்களைப் பல்லுள்ள மீன்களிடமிருந்து காப்பது: எண்ணூர் நீருக்கான ஒரு விளக்கம்

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. எண்ணூர் முகத்துவாரத்திலும், விரைவுச்சாலையை ஒட்டியுள்ள தூண்டில் வளைவுகளிலும் (கடலுக்குள் நீளும் கருங்கல் தடுப்புகள்) அவர் கொடுவாவுக்காக லூர், அதாவது செயற்கை இரை, வீசுகிறார். பயன்படுத்துவது பாஸ் மீனுக்கென்று ஜப்பானில் செய்யப்பட்ட லூர்கள். ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது. ஷீலா, வாளை போன்ற பல்லுள்ள மீன்கள் நரம்பை அறுத்துக்கொண்டு லூரோடு போய்விடுகின்றன. எப்போதும் கம்பி லீடர் (முதன்மை நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டும் துண்டு) கட்டிவிட்டால் இந்த இழப்பு நிற்குமா, கம்பி கட்டினால் கொடுவா கடிக்காது என்று சொல்கிறார்களே அது உண்மையா என்பதே அவருடைய ஐயம்.

கம்பி தேவைதான் தம்பி. ஆனால் எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் அதையே மருந்தாகக் கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. லூரை அறுத்தது யார் என்று தெரிந்துகொள்ளாமல் கம்பி கட்டுவதால், கொடுவா கடிக்கும் வாய்ப்பும் குறைகிறது, லூரின் ஆட்டமும் கெடுகிறது, பல நேரங்களில் லூரும் தப்புவதில்லை. ஆகவே முதலில் அறுந்த நுனியைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

லூர் போய்விட்டது என்று தெரிந்தவுடன் மனம் நொந்து புதிய முடிச்சுப் போடத் தொடங்கிவிடுகிறோம். கையில் மிஞ்சிய நரம்பின் நுனியைப் பார்ப்பதே இல்லை. அந்த நுனியில்தான் விடை இருக்கிறது. கத்தரியால் வெட்டியதுபோல நேராகவும் சுத்தமாகவும் இருந்தால், அது பற்களின் வேலை. வஞ்சிரமும் ஷீலாவும் அப்படித்தான் வெட்டும். ஓரிரு அங்குல நீளத்துக்குச் சொரசொரப்பாகி, வெளுத்து, மெலிந்து அறுந்திருந்தால், கருங்கல்லிலோ சிப்பியிலோ உராய்ந்திருக்கிறது, அல்லது கொடுவாவே அறுத்திருக்கிறது. கொடுவாவின் வாயில் இருப்பவை உப்புத்தாள் போன்ற நுண்ணிய பற்கள்தான் என்றாலும், அதன் செவுள் மூடியின் விளிம்பு ரம்பம்போலப் பற்கள் கொண்டது, அதன் கோணத்தில் ஒரு வலுவான முள்ளும் இருக்கிறது; மீன் தலையை உதறும்போது லீடர் அதில் பட்டால் நொடியில் அறுந்துவிடும். நுனி பன்றி வால்போலச் சுருண்டு முடிந்திருந்தால் எந்த மீனையும் குறை சொல்ல வேண்டாம். முடிச்சு இறுகாமல் நழுவிவிட்டது என்பதே அதன் பொருள். தூண்டில் வளைவுகளில் லூரை இழப்பவர்கள் பலரும் பல்லுள்ள மீன்களையே பழிக்கிறார்கள். நுனியைப் பார்த்தால் சிப்பியும் கல்லும்தான் பெரும் பங்கு கொண்டிருக்கும். அந்த இழப்புக்குக் கம்பி மருந்தாகாது. நீளமான, தடித்த ஃபுளூரோகார்பன் (உராய்வைத் தாங்கும் ஒருவகைச் செயற்கை நரம்பு) லீடர்தான் மருந்து.

இந்தச் சிக்கல் ஏன் பாஸ் லூர்களுக்கு இவ்வளவு கடுமையாக வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்க நன்னீர் ஏரிகளில் வாழும் பெருவாய்ப் பாஸ் மீனுக்கும் வெட்டும் பற்கள் இல்லை. அதைப் பிடிப்பவர்கள் பொதுவாக 12 முதல் 20 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளூரோகார்பனில் நேராக லூரைக் கட்டிவிடுகிறார்கள். லூரின் எடை, மிதப்பு, தலை ஆட்டம் எல்லாமே அந்த மெல்லிய நரம்பைக் கருதித்தான் அமைக்கப்படுகின்றன. அங்கும் வடக்கே பைக், மஸ்கலஞ்ச் போன்ற கூரிய பல் கொண்ட மீன்கள் இருக்கும் ஏரிகளில் பாஸ் பிடிப்போர் இதே துயரத்தை அனுபவித்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட வழிகளில் சில நமக்கும் அப்படியே பொருந்தும், சில பொருந்தா; ஏனென்றால் நம் கடலில் இருக்கும் பற்கள் பலவகைப்பட்டவை.

வஞ்சிரத்தின் பற்கள் முக்கோண வடிவில், தட்டையாக, நெருக்கமாக ஒரே வரிசையில் அமைந்தவை. 100 பவுண்டு ஃபுளூரோகார்பனையும் அது வெட்டிவிடும். அதற்குக் கம்பியைத் தவிர வேறு வழி இல்லை, காசிமேட்டில் வஞ்சிரத்துக்குத் தூண்டில் போடுபவர்கள் முள்ளுக்கு முன்னால் கம்பி வைப்பது அதனால்தான். ஷீலாவின் பற்கள் நீண்டவை, ஆனால் ஒன்றுக்கொன்று இடைவெளி உள்ளவை. சிறிய ஷீலாவைத் தடித்த ஃபுளூரோகார்பன் பெரும்பாலும் தாங்கும், பெரியதைத் தாங்காது. வாளையின் முன்பற்கள் நுனியில் கொக்கிபோல வளைந்தவை. அது கீழிருந்து மேலாகத் தாக்கும், லூரைத் தவறவிட்டு லீடரையே கடிக்கும், இருட்டிய பிறகு கரைக்கு நெருங்கி வரும். முரலின் நீண்ட அலகில் ஊசிப் பற்கள் நிறைய இருப்பதால், அது லீடரை அறுப்பதைவிடச் சுரண்டிப் பலவீனப்படுத்துவதே மிகுதி; அடுத்த நல்ல மீன் கடிக்கும்போதுதான் அந்தச் சேதம் தெரியவரும். கழிமுகத்தின் உள்ளே கல்லும் மரவேரும் உள்ள இடங்களில் சங்கரா இனத்து மீன்களுக்குக் கோரைப்பற்கள் உண்டு. ஆனால் அவை அறுப்பது பல்லால் என்பதைவிட, கடித்த உடனே வேருக்குள் இழுத்துச் செல்வதால்தான்.

பேத்தை மீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் நான்கு பற்களும் இணைந்து கிளியின் அலகு போலாகியிருக்கும். சாஃப்ட் பிளாஸ்டிக் எனப்படும் மென்மையான லூரின் வால் அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தால் பேத்தைதான் வந்திருக்கிறது. கம்பி கட்டினால் நரம்பு தப்பும், ஆனால் லூரின் உடல் தப்பாது. அது ஒன்று வந்தால் கூட்டமாகவே வரும். அங்கிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளிப் போய்விடுவது ஒன்றே வழி. அதில் டெட்ரோடோடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால், சிறுவர்கள் யாரேனும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வதைக் கண்டால் தயவுசெய்து தடுங்கள்.

இனி லீடருக்கு வருவோம். ரீலில் இருக்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு) இழுவிசையில் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், பல்லுக்கும் கல்லுக்கும் முன்னால் நூலுக்குச் சமம்தான். ஆகவே பிரெய்டு ஒருபோதும் மீனின் வாய்க்கருகில் வரக் கூடாது. கழிமுகத்தில் கொடுவாவுக்கு 20 முதல் 30 பவுண்டு பிரெய்டும், அதனோடு எஃப்ஜி முடிச்சால் இணைத்த ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் 40 பவுண்டு ஃபுளூரோகார்பனும் அடிப்படை. அதன் முனையில் 60 முதல் 80 பவுண்டு ஃபுளூரோகார்பனில் 30 அல்லது 40 சென்டிமீட்டர் துண்டை, கடி தாங்கும் துண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 பவுண்டு நரம்பு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கொடுவாவின் செவுள் விளிம்பு, சிறு ஷீலா, முரல் மூன்றுக்கும் இது பெரும்பாலும் போதுமானது. அமெரிக்காவில் பைக் மீனுக்கு அஞ்சுபவர்கள் 80, 100 பவுண்டு ஃபுளூரோகார்பனையே கம்பிக்கு மாற்றாகப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால்தான். ஃபுளூரோகார்பனின் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருடையது 1.33, நைலானுடையது 1.5-க்கும் மேல். தெளிந்த நீரில் தடித்த ஃபுளூரோகார்பன் தங்கூசி நரம்பைவிடக் குறைவாகத் தெரிவதற்கு இதுவே அடிப்படை. எனினும் தடிமன் கூடக் கூட விறைப்பும் கூடும் என்பதால், லூரின் கண்ணில் இறுக்கமான முடிச்சுப் போடாமல், லூர் தன் விருப்பத்துக்கு ஆட இடம் தரும் வளைய முடிச்சைப் போடுங்கள்.

வஞ்சிரமோ பெரிய ஷீலாவோ வாளைக் கூட்டமோ இருப்பது உறுதியானால் கம்பிக்கு மாறுங்கள். மூன்று வகைக் கம்பிகள் இங்கே கிடைக்கின்றன. ஒற்றை இழைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி மிக மெல்லியது, மலிவானது, வஞ்சிரத்துக்கு மிகச் சிறந்தது, 0.33 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 40 பவுண்டு தாங்கும், அதே வலுவுள்ள ஃபுளூரோகார்பனின் தடிமனில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதன் குறை, ஒருமுறை மடங்கிவிட்டால் அந்த இடத்தில் முறியும் என்பது. மடங்கிய கம்பியை நிமிர்த்திப் பயன்படுத்தவே கூடாது, அப்போதே மாற்றிவிட வேண்டும். ஏழு இழைகளை முறுக்கி நைலான் உறை போட்ட கம்பி வளைந்து கொடுக்கும், கட்டுவதற்கு எளிது. ஆனால் பற்கள் உறையைக் கிழித்த பிறகு உப்புநீர் இழைகளுக்குள் புகுந்து துருப்பிடிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. நிக்கல்-டைட்டானியம் கலப்புலோகக் கம்பி மூன்றாவது. அது ஏறக்குறைய பத்து விழுக்காடு வரை நீண்டு மீண்டும் பழைய நிலைக்கு வரும், மடங்காது, துருப்பிடிக்காது. விலை கூடுதல்தான், ஆனால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் லூருக்கு முன்னால் அதை வைப்பது வீண் செலவாகாது. பலமுறை வளைந்து களைத்த பிறகு அதுவும் முன்னறிவிப்பின்றி முறியும் என்பதால், பல மீன்களை இழுத்த துண்டை ஓய்வுபெறச் செய்துவிடுங்கள்.

நீளத்தைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. சுறாவுக்குப் போடுவதுபோல ஒரு மீட்டர் கம்பி போட்டால் வீசவும் முடியாது, லூரும் ஆடாது. கடி தாங்க 20 முதல் 25 சென்டிமீட்டர் போதும். ஒற்றை இழைக் கம்பியை லூரின் கண்ணில் கோத்து, இரண்டு முனைகளையும் எக்ஸ் வடிவில் பிடித்து, இரண்டும் சம அளவில் ஒன்றை ஒன்று சுற்றும்படி நான்கைந்து முறுக்குப் போட்டு, அதன் பிறகு குறு முனையை மட்டும் செங்கோணத்தில் நெருக்கமாக நான்கைந்து சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு முனை நேராக நின்று மற்றொன்று மட்டும் அதைச் சுற்றியிருந்தால் அது நழுவும். மீதிக் கம்பியைப் பிளையரால் வெட்டாமல், நுனியை ஒரு கைப்பிடிபோல மடக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றை ஒட்டியே முறிந்துவிடும். வெட்டினால் மிஞ்சும் கூர்முனை கையைக் கிழிக்கும். நைலான் உறைக் கம்பிக்கு எட்டு வடிவ முடிச்சோ, நசுக்கி இறுக்கும் கிரிம்ப் குழாயோ போதும். கம்பியின் மறுமுனையில் சிறிய கறுப்பு ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) ஒன்று வையுங்கள். பளபளக்கும் பித்தளை ஸ்விவலை வஞ்சிரக் கூட்டம் சிறு மீன் என்று நினைத்துக் கடிக்கும். அப்போது கம்பிக்கு மேலே இருக்கும் நரம்பு அறுந்து, கம்பியும் லூரும் சேர்ந்தே போய்விடும்.

கம்பி கட்டினால் கொடுவா கடிக்காதா என்ற உங்கள் ஐயத்துக்கு, கடிக்கும் என்பதே விடை. ஆனால் லூர் ஆட வேண்டிய முறையில் ஆடினால்தான் கடிக்கும். கம்பி கண்ணில் படுவதைவிட, லூரின் ஆட்டத்தைக் கெடுப்பதே பெரிய கேடு என்று நான் கருதுகிறேன். எஃகின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு, ஃபுளூரோகார்பனுடையது 1.78 மடங்குதான். மெகாபாஸ் நிறுவனத்தின் விஷன் ஒன்டென் போன்ற ஜெர்க்பைட் (வெட்டி வெட்டி இழுக்கும் மீன் வடிவ லூர்), இழுப்பதை நிறுத்தினால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நீரின் நடுவே அசையாமல் நிற்கும்படி எடை பார்த்துச் செய்யப்பட்டது. அதன் மூக்கில் ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி), கம்பி, ஸ்விவல் மூன்றையும் மாட்டினால் தலை குப்புற இறங்கத் தொடங்கும். அந்த அசையா நிலைக்காகத்தான் நாம் அவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதால், இழப்பு இரட்டிப்பாகிறது. அத்தகைய லூருக்கு ஸ்னாப் இல்லாத, மிக மெல்லிய ஒற்றை இழைக் கம்பியோ டைட்டானியமோ மட்டும் கட்டி, முள்களைச் சற்று எடை குறைந்தவையாக மாற்றி, கரையோர நீரில் விட்டு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் இடம் வலமாக நடக்கும் லூர்களும் மூக்கில் எடை கூடினால் சோர்ந்துவிடும். நீரைத் தெறிக்கவிடும் பாப்பர், மூழ்கி அதிரும் வைப், உலோகத் தகடான ஸ்பூன், எடைத்தலை கொண்ட ஜிக் ஆகியவற்றுக்குக் கம்பியால் பெரிய குறை வராது.

இதிலிருந்தே அடுத்த செய்தி பிறக்கிறது. எந்த லூரை எப்போது கட்டுவது என்பதில்தான் காப்பின் பெரும்பகுதி இருக்கிறது. லீடர் அதற்கு அடுத்ததுதான். முகத்துவாரத்தில் ஏற்றநீர் வந்து கடல்நீர் தெளிவாக உள்ளே நுழையும் நேரத்தில், பார்வையால் வேட்டையாடும் ஷீலா அதனோடு சேர்ந்து வரும். மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் கலங்கலாக இறங்கும்போது அது ஒதுங்கிக்கொள்ளும், கொடுவாவோ அந்தக் கலங்கலின் விளிம்பில்தான் காத்திருக்கும். ஆகவே இடத்துக்குப் போனவுடன் பெட்டியிலிருந்து விலை உயர்ந்த லூரை எடுக்காதீர்கள். நூறு, நூற்றைம்பது ரூபாய் உலோக ஸ்பூன் ஒன்றைக் குறுகிய கம்பியோடு கட்டி, வேகமாகவும் மெதுவாகவும் பல ஆழங்களில் இழுத்துப் பாருங்கள். ஸ்பூனின் மேல் கீறல் விழுந்தால், கம்பியின் உறையில் பல் பட்டால், வாளை ஏறினால், அந்த நேரம் ஸ்பூனுக்கும் ஜிக்குக்கும் உரியது. அவை பற்களால் கெடாதவை, அவற்றில் அந்த மீன்களும் நன்றாகவே விழும். கீறல் இல்லாமல், ‘டொப்’ என்று வாய்க்குள் உறிஞ்சி எடுக்கும் கொடுவாவின் அடி தெரிந்தால் அப்போது நல்ல லூரை எடுங்கள். இதைச் சிலர் பொறுமையின்மையால் செய்வதில்லை; நான் சொல்வதில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இதையே பின்பற்றுங்கள்.

லூரின் நீளமும் காப்புத்தான். ஏழெட்டு சென்டிமீட்டர் லூரை ஷீலா முழுதாக வாய்க்குள் வைத்துக்கொள்ளும். நரம்பு பற்களுக்கு நடுவே வந்துவிடும். 14 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட லூரை அது நடுவிலோ வாலிலோ கவ்வும், வால் முள்ளில் மாட்டும், நரம்பு வாய்க்கு வெளியே நிற்கும். இழுக்கும் முறையும் அதே போலத்தான்: நிறுத்தி நிறுத்தி இழுக்கும்போது துரத்தி வரும் மீன் லூரைத் தாண்டித் தலைப்பக்கம் கடிக்கும், சீரான வேகத்தில் இழுத்தால் பின்னாலிருந்து கடிக்கும். கொடுவாவுக்கு நிறுத்தம் தேவை என்பதால், ஷீலா இருக்கும் நேரத்தில் இரண்டையும் ஒரே லூரில் வேட்டையாட நினைப்பது நட்டத்தில் முடியும். உவர்நீர்ப் பாசிக்கு இடையில் பயன்படுத்தும், சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பைட்டுக்கு அதன் கம்பிச் சட்டமே ஓரளவு காப்பாகும். அதன் கண் திறந்த வளைவாக இருந்தால் ஸ்னாப் சட்டத்தின் மேல் வழுக்கி ஏறிவிடும், எனவே மூடிய கண் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

லூரின் உடலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நன்னீர் பாஸ் லூர்களில் வரும் ட்ரெபிள் முள்ளும் (மூன்று முனைத் தூண்டில் முள்), அதை லூரோடு இணைக்கும் ஸ்பிளிட் ரிங்கும் மெல்லியவை. எண்ணூர் நீரில் விரைவில் துருப்பிடிக்கும், பெரிய மீன் திருகினால் நிமிர்ந்துவிடும். வாங்கியவுடன் தகரப் பூச்சுள்ள கடல் முள்களுக்கும் வலுவான ரிங்குகளுக்கும் மாற்றுங்கள். இரண்டு ட்ரெபிளுக்குப் பதில் இரண்டு ஒற்றை முள் போட்டால், மீன் துள்ளும்போது ஒரு முள் மீனிலும் மற்றொன்று கண்ணியிலோ கல்லிலோ மாட்டி லூர் பிளப்பது குறையும். ராபாலாவின் மேக்னம் வகை போல உடலுக்குள் கம்பி முழுதாக ஓடும் லூர்கள், உடல் உடைந்தாலும் மீனை விடுவதில்லை. திருகிப் பொருத்திய கண் உள்ளவற்றைப் பல்லுள்ள மீன்களுக்கு நம்ப வேண்டாம். வண்ணம் உரியாமலிருக்க எபாக்சி பூச்சு ஒன்று தரலாம், ஆனால் எடை கூடும் என்பதால் நீரில் அசையாமல் நிற்கும் வகைக்கு வேண்டாம். சாஃப்ட் பிளாஸ்டிக்கில், ரப்பர்போல இழுபடும் டிபிஇ வகை, வழக்கமான பிவிசி வகையைவிட நெடுநேரம் பற்களைத் தாங்கும். இரண்டையும் ஒரே பையில் வைத்தால் ஒன்றை ஒன்று உருக்கிவிடும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு அடிக்குப் பிறகும், கடைசி அரை மீட்டரை நகத்தால் உருவிப் பாருங்கள். சிறு கீறல் நகத்தில் தட்டினாலும், கண்ணாடிபோல் இருந்த நரம்பு பால்போல வெளுத்திருந்தாலும், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். மீன் கரைக்கு வந்த பிறகு லீடரைப் பிடித்துக் கல்லின் மேல் தூக்காதீர்கள். தொங்கும் மீன் உதறுவதில்தான் நிறைய லூர்கள் போகின்றன. நீண்ட பிடியுள்ள வலையும் நீள்மூக்குப் பிளையரும் இருக்க வேண்டும், ஷீலாவின் வாய்க்குள் விரல் போகவே கூடாது. தூண்டில் முள்ளின் எதிர்முனையை (மீன் நழுவாமல் தடுக்கும் பின்முள்) பிளையரால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால் லூரைச் சேதமில்லாமல் கழற்றலாம், விட வேண்டிய சிறு மீனும் பிழைக்கும்.

லூர் போவது நமக்குப் பண இழப்பு. வாயில் இரண்டு ட்ரெபிள் முள்ளோடு போகும் மீனுக்கு அது உயிர் வாதை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை விட்டுவிடலாம், அந்த மீனை அப்படி விட்டுவிடக் கூடாது என்பதே இவ்வளவு விரிவாக நான் எழுதக் காரணம். அதே அக்கறையோடு, வெட்டி எறியும் கம்பித் துண்டுகளைக் கல்லிடுக்கில் போடாமல் ஒரு சிறு டப்பாவில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் செருப்பில்லாமல் வலை இழுப்பவர்கள் அங்கேதான் நடக்கிறார்கள்.

உங்களிடம் இப்போது இருக்கும் சாமான்களுக்கு ஏற்பச் சொல்வதானால், டைட்டானியம் கம்பியில் 20 சென்டிமீட்டர் துண்டுகள் இரண்டும், ஒற்றை இழை எஃகுக் கம்பியில் நான்கும் வீட்டிலேயே கட்டி, கறுப்பு ஸ்விவலோடு ஒரு அட்டையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். லீடரின் முனையில் 60 பவுண்டு ஃபுளூரோகார்பன் எப்போதும் இருக்கட்டும். முகத்துவாரத்தில் ஏற்றநீர் தெளிந்து வரும் நேரமும், இருட்டிய பிறகு தூண்டில் வளைவும் கம்பிக்கும் ஸ்பூனுக்கும் உரியவை. உள்கழியில் அலையாத்தி ஓரமும் கலங்கல் விளிம்பும் ஃபுளூரோகார்பனுக்கும் உங்கள் நல்ல லூர்களுக்கும் உரியவை. எஃப்ஜி முடிச்சைக் காற்றடிக்கும் கல்லின் மேல் நின்று கட்டுவது கடினம் என்பதால், இரண்டு மூன்று மாற்று லீடர்களைப் பிரெய்டோடு ஸ்விவலால் இணைக்கும்படி தயாராக வைத்திருங்கள். அந்த ஸ்விவல் ராடின் வளையங்களுக்குள் போகாதபடி லீடரின் நீளத்தை மட்டும் ராடின் உயரத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டால் போதும்.